ஒன்றும் நடக்காத நாள்கள்

புயலடித்த நாளுக்குச் சாட்சிகளுக்குப் பஞ்சமில்லை. கரைதட்டிய கப்பலின் சொந்தக்காரர் எங்காவது முறையிட்டிருப்பார். கோட்டையிலிருந்து லண்டனுக்குக் கடிதம் போயிருக்கும். எந்தத் தோப்பு எப்படிச் சாய்ந்தது என்று ஊர் இரண்டு தலைமுறைக்குப் பேசியிருக்கும். ஒன்றுமே நடக்காத ஒரு புதன்கிழமைக்கு யார் சாட்சி? வெயில் வழக்கம்போல ஏறியது, பிற்பகலில் கடற்காற்று வந்தது, எல்லாரும் மறந்துபோனார்கள். அன்று காலை பத்து மணிக்குப் பாரமானியில் பாதரசம் எந்த உயரத்தில் நின்றது என்று ஒருவர் எழுதி வைத்திருந்தால்தான் அந்தப் புதன்கிழமை நமக்கு மிஞ்சும்.

காலநிலை என்று சொல்வதில் பெரும்பங்கு இப்படிப்பட்ட புதன்கிழமைகள்தான். இருநூறு ஆண்டுக்கு முந்தைய வானத்தைத் திரும்பக் கட்டப் பார்க்கிறவர்களுக்குப் புயலைவிட இவைதான் அதிகம் தேவைப்படுகின்றன. சொன்னால் சட்டென்று புரிகிற விஷயம். ஆனால் பழைய மதராஸ் பதிவுகளின் ஸ்கேன் பக்கங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போகும்போது இது வேறு மாதிரி உறைக்கிறது. பக்கம் பக்கமாக 29.9, 29.8, 29.9, 29.8. கண் சலித்துப்போய், புயல் வந்த பக்கம் எங்கே என்று ஓடப் பார்க்கிறது. ஓடவிடாமல் அதைப் பிடித்து உட்கார வைப்பதே ஒரு சாதகம்.

*

நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் வானிலை மையத்தின் வளாகத்துக்குள் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. 1792இல் எழும்பிய மதராஸ் வானாய்வகத்தின் கருவியைத் தாங்குவதற்காக நட்டது. தமிழும் தெலுங்கும் லத்தீனும் அதில் வெட்டப்பட்டிருக்கின்றன. அதற்கு முன்பே, 1786இல், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி எழும்பூரில் சொந்தச் செலவில் ஒரு சிறு ஆய்வகம் வைத்திருந்தார். அந்தக் கருவிகள் கம்பெனியிடம் வந்தன. மைக்கேல் டாப்பிங் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுப்பினார். 1796இல் அவர் இறந்தபிறகு ஜான் கோல்டிங்ஹாம் பொறுப்புக்கு வந்தார். சென்னையின் காற்றழுத்தத்தைப் பின்னோக்கிக் கட்டிய ஆய்வாளர்கள் அந்த 1796 வரைக்கும் போயிருக்கிறார்கள். அதற்கும் அறுபது ஆண்டு முன்னால், 1732 முதல் 1737 வரை, ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த லுத்தரன் மிஷன்காரர்கள் இதே ஊரில் வானிலை நாட்குறிப்பு எழுதியிருக்கிறார்கள். அது வேறொரு தனிக் கதை.

இதே கோல்டிங்ஹாம்தான் இன்றைய ராஜாஜி மண்டபத்தைக் கட்டியவர். ஒரே ஆள் நட்சத்திரமும் பார்த்தார், ஒரு விருந்து மண்டபமும் கட்டினார், தினமும் பாதரசத்தையும் படித்தார். அந்தக் காலத்துக் கம்பெனிச் சம்பளத்தில் அவ்வளவும் அடக்கம் போலிருக்கிறது.

வானியல்காரர்களுக்கு வானிலைமேல் பெரிய பாசம் எதுவும் இருந்ததில்லை. நட்சத்திர ஒளி காற்றுக்குள் நுழையும்போது வளைகிறது. எவ்வளவு வளையும் என்பது காற்றின் அடர்த்தியைப் பொறுத்தது. அடர்த்தி தெரிய வேண்டுமென்றால் வெப்பமும் அழுத்தமும் தெரிய வேண்டும். ஆக, ஒரு நட்சத்திரத்தின் இடத்தைச் சரியாகக் குறிக்க, பக்கத்தில் இருக்கும் வெப்பமானியையும் பாரமானியையும் பார்த்து எழுதியே ஆக வேண்டும். கோல்டிங்ஹாம் இன்னொரு வேலையும் செய்தார். புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் வேளை தவறாமல் வெடிக்கும் பீரங்கிகளின் வெளிச்சத்தைப் பார்த்து, சத்தம் வந்து சேரும்வரை நொடிகளை எண்ணி, ஒலியின் வேகத்தைக் கணக்கிட்டார். அதற்கும் அன்றைய காற்றின் நிலை வேண்டும். இந்தத் திருத்தங்களுக்காக ஓரத்தில் எழுதப்பட்ட எண்கள் இன்று முக்கியமாகிவிட்டன. அன்றைக்கு எதை அளக்க வந்தார்களோ அந்த அளவுகளைப் புதிய கருவிகள் எப்போதோ பழசாக்கிவிட்டன.

*

ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு கொஞ்சம் உட்காரலாம். பதிவேட்டில் பாரமானி 30.00 அங்குலம் என்று இருக்கிறது என்று வையுங்கள். பக்கத்திலேயே, பாரமானியோடு ஒட்டிய சின்ன வெப்பமானி 86 பாரன்ஹீட் காட்டுகிறது. அப்படியே இன்றைய அலகுக்கு மாற்றினால் 1016 ஹெக்டோபாஸ்கல். சென்னையில் நல்ல மார்கழிக் காலையில் பார்க்கக்கூடிய உயர்ந்த அழுத்தம்.

ஆனால் 86 பாரன்ஹீட் என்றால் 30 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டில் பாதரசம் விரிந்து, கனம் குறைந்து, இருக்க வேண்டியதைவிட உயரமாக நிற்கும். பித்தளை அளவுகோலும் துளி நீண்டிருக்கும். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 0.15 அங்குலம் கழிக்க வேண்டும். இத்தோடு விடாது. சென்னை பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் இங்கே ஈர்ப்பு விசை கொஞ்சம் குறைவு. அதே காற்று பாதரசத்தை இன்னும் சற்று மேலே தள்ளிவிடும். அதற்கு 0.07 அங்குலம். இப்போது கையில் இருப்பது 29.78 அங்குலம் போல. ஹெக்டோபாஸ்கலில் 1008. மார்கழி போய்ப் புரட்டாசி வந்துவிட்டது.

ஏழெட்டு ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம். வங்கக் கடலில் ஒரு சாதாரணத் தாழ்வு நிலை உருவாகும்போது அழுத்தம் இந்த அளவுக்குக்கூட இறங்குவதில்லை. ஒட்டிய வெப்பமானியின் அளவை ஒருவர் சோம்பலில் விட்டிருந்தால், அல்லது அச்சுக்கோத்தவர் இடம் போதவில்லை என்று அந்தப் பத்தியைக் கழற்றியிருந்தால், முழு வருஷமும் சந்தேகத்துக்கு உரியதாகிவிடும். பதிப்பித்தவரே திருத்தம் போட்டுவிட்டு, போட்டதைச் சொல்லாமல் விட்டிருந்தால் இன்னும் மோசம். திருத்தியதையே நாம் மறுபடி திருத்தி, இல்லாத ஒரு தாழ்வு நிலையை உண்டாக்கிவிடுவோம்.

குழாய்க்குள் காற்று புகுவது இன்னொரு தொல்லை. கப்பலில், மாட்டு வண்டியில், கூலியாளின் தலையில் வந்த கண்ணாடிக் குழாய் அது. மேலே வெற்றிடம் இருக்க வேண்டிய இடத்தில் கொஞ்சம் காற்று சேர்ந்துவிட்டால், அது பாதரசத்தைக் கீழே அழுத்தும். வருஷா வருஷம் அழுத்தம் துளித்துளியாகக் குறைவதுபோலப் பதிவில் தெரியும். பார்த்தால் ஒரு காலநிலை மாற்றம்போலவே இருக்கும். ஒருநாள் புதுக் கருவி வரும். எண் ஒரே நாளில் மேலே குதிக்கும். அந்தக் குதிப்பைக் கண்டால்தான் பழையது கெட்டிருந்தது என்று தெரியவரும்.

*

வெப்ப மண்டலத்தில் பாரமானி ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி இறங்குகிறது. காலை பத்து மணி வாக்கில் உச்சம், மாலை நான்குக்கு அடி. மறுபடி இரவு பத்துக்கு ஒரு மேடு, விடியற்காலை நான்குக்கு ஒரு பள்ளம். காற்றின் ஓதம் என்று சொல்லலாம். சூரியன் மேல்வளிமண்டலத்து ஓசோனையும் கீழே உள்ள நீராவியையும் சூடாக்குவதால் பூமி முழுக்கச் சுற்றிவரும் அலை இது. சென்னையில் காலை உச்சத்துக்கும் மாலைப் பள்ளத்துக்கும் நடுவே சுமார் 3 ஹெக்டோபாஸ்கல், பழைய கணக்கில் ஏறக்குறைய 0.1 அங்குலம். தென் அமெரிக்காவில் இதைப் பார்த்த ஜெர்மன் இயற்கையியலாளர் ஹம்போல்ட், பாரமானியைக் கொண்டே மணி சொல்லிவிடலாம் என்கிற அளவுக்கு இதன் ஒழுங்கில் மயங்கினார்.

ஐரோப்பாவில் அன்றாட வானிலையே அழுத்தத்தை இருபது முப்பது ஹெக்டோபாஸ்கல் ஆட்டுவதால் இந்த ஓதம் அதில் கரைந்துவிடும். இங்கே அது தெளிவாகத் தெரியும். ஒன்றும் நடக்காத நாளில்தான் மிகத் தெளிவாகத் தெரியும்.

பழைய பதிவைச் சோதிப்பவர்களுக்கு இதைவிட நல்ல துணை கிடையாது. பத்து மணி அளவு, நான்கு மணி அளவு என்று இரண்டு பத்திகள் இருந்தால், மாதச் சராசரியில் முதலாவது இரண்டாவதைவிட அந்த 0.1 அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மணி தப்பு, அல்லது பத்திகள் இடம் மாறியிருக்கின்றன. அல்லது, யாரோ கருவி பக்கமே போகாமல் நேற்றைய எண்ணை ஒட்டி ஓர் எண்ணைப் போட்டிருக்கிறார். பொய் எண் போடுகிறவருக்கு 29.8, 29.9 என்று எழுதத் தெரியும். ஓதத்தை நினைவில் வைத்துப் பொய் சொல்ல முடியாது. மதராஸ் பக்கங்களை வரிசையாகப் பார்க்கும்போது அந்த ஏற்ற இறக்கம் நாள் தவறாமல் வந்துகொண்டிருப்பதில் எனக்கு ஒரு தனி நிம்மதி. அந்த ஆள் உண்மையிலேயே எழுந்துபோய்ப் பார்த்திருக்கிறார்.

*

வெப்பமானியின் கதை இவ்வளவு சுத்தமானதல்ல. எங்கே தொங்கவிட்டார்கள் என்பதுதான் அதில் பாதிப் பிரச்சினை. தாமஸ் ஸ்டீவன்சன் தன் வெள்ளைப் பலகைச் சட்டப் பெட்டியை 1864இல் அறிமுகப்படுத்தினார். (‘புதையல் தீவு’ எழுதிய ஸ்டீவன்சனின் அப்பா.) அதற்கு முன் ஐரோப்பாவில் வடக்குச் சுவரில் ஆணியடித்து மாட்டுவார்கள். கோடையில் வடநாட்டுச் சூரியன் விடிந்தவுடனும் அந்தி நேரத்திலும் அந்த வடக்குச் சுவரையும் எட்டிப் பார்க்கும். ஆஸ்திரியாவில் கிரெம்ஸ்மியூன்ஸ்டர் மடத்தில் பழைய இடத்திலும் புதிய பெட்டியிலும் ஒரே சமயத்தில் எட்டு ஆண்டு அளந்து பார்த்தார்கள். அதைக் கொண்டு மத்திய ஐரோப்பாவின் பழைய கோடைகள் சராசரியாகச் சுமார் 0.4 டிகிரி அதிகமாகப் பதிவாகியிருந்தன என்று முடிவுக்கு வந்தார்கள். அதாவது, மொஸார்ட் காலத்துக் கோடை, பதிவு சொன்னதைவிடக் குளிர்ச்சியானது.

நம் பக்கம் 19ஆம் நூற்றாண்டில் வெப்பமானியைக் கூரை வேய்ந்த திறந்த கொட்டகைக்குள் வைத்தார்கள். நம் வெயிலுக்கு அது புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். ஆனால் கொட்டகையின் பகலும் பெட்டியின் பகலும் ஒன்றல்ல. கூரையைப் புதிதாக வேய்ந்த வருஷமும் அது பிய்ந்து தொங்கிய வருஷமும்கூட ஒன்றல்ல. கூரை மாற்றிய தேதியை எந்தப் பதிவேட்டில் தேடுவது?

பிளாரன்ஸில் மெடிச்சி பிரபு இரண்டாம் பெர்டினாண்டோ 1654இல் தொடங்கிய வலையமைப்புதான் உலகின் முதல் வானிலை வலையமைப்பு. அங்கே பயன்பட்ட சாராய வெப்பமானியில் ஐம்பது கோடுகள் இருந்தன. நீர் உறையும் புள்ளி, கொதிக்கும் புள்ளி என்று எந்த நங்கூரமும் அந்தக் கோடுகளுக்குக் கிடையாது. 1670இல் எல்லாம் நின்றுபோய், அந்தக் கோடுகள் யாருக்கும் புரியாத மொழியாகிவிட்டன. 1829இல் பிளாரன்ஸிலேயே அந்தக் கருவிகளில் ஒரு கட்டு உடையாமல் கிடைத்தது. அவற்றை நவீன வெப்பமானியின் பக்கத்தில் வைத்துத்தான் 17ஆம் நூற்றாண்டின் குளிரை மறுபடி வாசித்தார்கள். கண்ணாடி உடைந்திருந்தால் அதோடு போயிற்று.

கார்டன் மேன்லி மத்திய இங்கிலாந்தின் வெப்பநிலையை 1659 வரை பின்னோக்கிக் கொண்டுபோனவர். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவருக்கு நம்பகமான ஆங்கில அளவுகள் கிடைக்காத ஓர் இடைவெளி வந்தது. அதை ஹாலந்தின் உட்ரெக்ட் நகரத்து எண்களைக் கொண்டு நிரப்பினார். நிரப்பியதை மறைக்கவில்லை. கடன் வாங்கியதைக் கணக்கில் எழுதினால் அது தவறில்லை என்பதுதான் இந்தத் துறையின் நீதி.

*

நெடுநேரம் என்னை நிறுத்திவைத்தது இரண்டு மனிதர்களின் கதை.

முதலாமவர் வில்லியம் ராக்ஸ்பர். ஸ்காட்லாந்து மருத்துவர், பிறகு இந்தியத் தாவரவியலின் பெரிய பெயர். 1776இல் சென்னை வந்ததும் புனித ஜார்ஜ் கோட்டையில் வானிலை நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். அதை லண்டன் ராயல் சொசைட்டி அச்சிட்டது. 1781 முதல் கோதாவரிப் பக்கம் சாமர்லகோட்டாவில். மிளகும் காப்பியும் சாயச்செடிகளும் வளர்த்துப் பார்த்துக்கொண்டே, வெப்பத்தையும் அழுத்தத்தையும் மழையையும் குறித்துவந்தார். 1789க்குப் பிறகு வட சர்க்கார் மாவட்டங்களில் மழை பொய்த்தது. ஒரு வருஷமல்ல, அடுத்தடுத்த வருஷங்கள். 1791-92இல் தக்காணத்தில் வந்த பஞ்சத்துக்கு மண்டையோட்டுப் பஞ்சம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. செத்தவர்களைப் புதைக்க ஆளில்லாமல் எலும்புகள் வெளியில் கிடந்ததால் வந்த பெயர்.

இரண்டாமவர் வில்லியம் டாஸ். கைதிகளை ஏற்றிக்கொண்டு ஆஸ்திரேலியா போன முதல் கப்பல் தொகுதியில் ஒரு மரைன் படை லெப்டினன்ட். 1661இல் தோன்றிய ஒரு வால்மீன் திரும்பி வரும் என்று எதிர்பார்த்து, அதைத் தென்கோளத்தில் இருந்து பார்க்க அவரிடம் கருவிகள் கொடுத்தனுப்பியிருந்தார்கள். வால்மீன் வரவே இல்லை. டாஸ் சிட்னியில் 1788 செப்டம்பர் முதல் 1791 டிசம்பர் வரை ஒரு நாளைக்குப் பலமுறை வெப்பத்தையும் அழுத்தத்தையும் காற்றையும் எழுதிவைத்தார். அந்தக் காலத்தில் அங்கேயும் வறட்சி. குடியேற்றத்துக்குத் தண்ணீர் கொடுத்த ஓடை வற்றியது. 1791 தொடக்கத்தில் அடித்த வெயிலில் பழந்தின்னி வௌவால்கள் மரத்திலிருந்து செத்துச் செத்து விழுந்ததாக அங்கிருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவருடைய நாட்குறிப்பு லண்டன் ராயல் சொசைட்டியின் நூலகத்தில் ஏறக்குறைய இருநூறு ஆண்டு கேட்பாரற்றுக் கிடந்தது.

ராக்ஸ்பரின் தாள்களைக் கையாண்ட அதே சொசைட்டி. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் என்ன கேட்பது என்று தெரிந்திருக்காது. பசிபிக் கடலின் சூடு நகர்ந்தால் கோதாவரியும் சிட்னியும் ஒரே சமயத்தில் காயும் என்ற எண்ணத்துக்கு இன்னும் நூறு ஆண்டுக்குமேல் பாக்கி இருந்தது. வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் குரோவ் 1998இல் இந்தத் துண்டுகளைச் சேர்த்து, 1789-93 எல் நினோவின் வீச்சு உலகம் முழுக்கப் பரவியது என்று வாதிட்டார்.

இடையில் 1876-78 பஞ்சம் வந்துபோனது. வடகிழக்குப் பருவமழை பொய்த்து மதராஸ் மாகாணம் காய்ந்தது. இந்திய வானிலைத் துறை தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. அதன் தலைவர் ஹென்ரி பிளான்ஃபோர்ட், அந்த மாதங்களில் ஆசியாவின் பெரும்பரப்பில் அழுத்தம் பிடிவாதமாக உயர்ந்தே நின்றதைக் கவனித்தார். பசிபிக் பக்கம் அழுத்தம் இறங்கும்போது இந்தியப் பக்கம் ஏறுகிற, கில்பர்ட் வாக்கர் 1920களில் தெற்கு அலைவு என்று பெயரிட்ட ஊஞ்சலின் ஒரு பக்கம் அது. சென்னையின் அழுத்தத் தொடரை 1796 வரை கட்ட அவ்வளவு பாடுபட்டதற்குக் காரணமே, இந்த ஊர் அந்த ஊஞ்சலின் இந்தியப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான். ஒன்றை மட்டும் பக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும்: அழுத்தம் உயர்ந்ததால் மழை பொய்த்தது. லட்சக்கணக்கில் சனம் செத்ததற்கு, தானியம் கப்பல் ஏறிக்கொண்டிருந்ததும் காரணம். பாரமானி முதல் பாதிக்கு மட்டுமே சாட்சி.

*

கப்பல்கள். கம்பெனியின் நீர்வரைவாளர் அலெக்ஸாண்டர் டால்ரிம்பிள் கேப்டன்களை நச்சரித்துப் பாரமானியும் வெப்பமானியும் படிக்க வைத்தார். 1789 முதல் 1834 வரையிலான ஏறக்குறைய 900 கம்பெனிக் கப்பல் குறிப்பேடுகளில் இருந்து இரண்டே முக்கால் லட்சம் அளவுகளை எடுத்திருக்கிறார்கள். நடுக்கடலில் ஒவ்வொரு நண்பகலும், எங்கே இருக்கிறோம் என்பதோடு சேர்த்து ஒரு வெப்ப அளவு, ஓர் அழுத்த அளவு.

இதில் சென்னைக் கடற்கரைக்கென்று ஓர் ஓட்டை உண்டு. அப்போது இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும், சரக்கும் ஆளும் மசூலாப் படகில் கரை சேர வேண்டும். வாடைக்காற்றுப் புயலுக்குப் பயந்து, அக்டோபர் நடுவில் கோட்டைக் கொடியை இறக்கிவிடுவார்கள். டிசம்பர் நடுவரை யாரும் வந்து நிற்கக் கூடாது என்று அர்த்தம். ஆகவே ஐப்பசி, கார்த்திகையில், நமக்கு மழை கொட்டும் அந்த இரண்டு மாதங்களில், இந்தக் கரையோரத்துக் கப்பல் அளவுகள் மெலிந்துபோகும். ஓட்டை எங்கே என்று பார்த்தாலே ஊர்க்காரர்கள் எதற்குப் பயந்தார்கள் என்று தெரிந்துவிடுகிறது. கல்கத்தாவில் ஹென்ரி பிடிங்டன் 1840களில் இதே குறிப்பேடுகளைக் கேட்டு வாங்கித்தான் வங்கக் கடல் புயல்களின் பாதையை ஒவ்வொன்றாக வரைந்தார். தப்பி வந்த கப்பல்களின் ஏடு மட்டுமே அவருக்குக் கிடைத்திருக்கும்.

*

1815 ஏப்ரலில் தம்போரா எரிமலை வெடித்ததைப் பற்றிய எழுத்துகளில் ஒரு தகவல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அந்த மாதக் கடைசி வாரத்தில் சென்னையில் காலை வெப்பநிலை 11 டிகிரியில் தொடங்கி நான்கே நாளில் பூஜ்யத்துக்குக் கீழே மூன்று டிகிரிக்கு இறங்கியதாம். படிக்கிற தமிழர் யாரும் சிரித்துவிடுவார். நுங்கம்பாக்கத்தின் நவீனப் பதிவில் இதுவரை ஆகக் குறைந்தது 13.9 டிகிரி, அதுவும் 1895 டிசம்பரிலும் 1905 ஜனவரியிலும். சித்திரை மாதத்தில் வங்கக் கடல் 29 டிகிரி வாக்கில் வெந்துகொண்டிருக்கும். அதன் கரையில் இருக்கிற ஊர் உறைய வேண்டுமென்றால் முதலில் கடல் ஆற வேண்டும். கம்பெனிக் கப்பல்களின் அளவுகள் தம்போராவுக்குப் பிறகு மிதமான குளிர்ச்சியைத்தான் காட்டுகின்றன, ஒரு டிகிரிக்கும் குறைவு.

ஆனாலும் அந்தக் கதை சாகவில்லை. நாடகம் இருக்கிறது அதில். 1815 சித்திரையில் சென்னை கொஞ்சம் புழுக்கமாக இருந்தது என்று எழுதினால் யார் எடுத்துச் சொல்லப் போகிறார்கள்?

*

மழை. சென்னையில் 1813 முதல் மழை அளவு தொடர்ச்சியாக இருக்கிறது. இந்தியப் பருவமழையின் நீண்ட தொடரை ஆய்வாளர்கள் அந்த ஆண்டிலிருந்து தொடங்க முடிந்ததற்கு அதுதான் காரணம். 2015 டிசம்பரில் அடையாறு வீட்டுக்குள் வந்தபோது, இப்படி முன்பு எப்போதாவது உண்டா என்று எல்லாரும் கேட்டோம். பதிவேட்டில் பதில் இருந்தது. அந்த நவம்பரில் 104.9 செ.மீ. பெய்திருந்தது, 1918 நவம்பரில் 108.8 செ.மீ. ஒரே நாள் மழைக்கோ 1846 அக்டோபர் 21 என்று ஒரு தேதி இருக்கிறது: 20 அங்குலத்துக்குமேல், 50 செ.மீ.யைத் தாண்டிய மழை.

அந்த 1846 எண்ணை எவ்வளவு நம்புவது என்று கேட்பது அவமரியாதை அல்ல. மழைமானி தரையில் இருந்ததா, மாடியில் இருந்ததா? லண்டனில் வில்லியம் ஹெபர்டன் 1760களில் மூன்று மானிகளை வைத்து ஓராண்டு பார்த்தார். தோட்டத்துத் தரையில் 22 அங்குலத்துக்குமேல், வீட்டுக் கூரையில் 18, வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தின் உச்சியில் 12. ஒரே மழைதான். உயரத்தில் காற்று துளிகளை மானியின் வாயைத் தாண்டித் தள்ளிக்கொண்டு போய்விடுகிறது. ஆக, மாடியில் வைத்த மானி மழையைக் குறைத்துத்தான் காட்டும்.

*

இப்போது இந்தப் பழைய அழுத்த எண்களை ஒரு கணினி மாதிரிக்குள் போட்டு, அன்றைய உலக வானம் முழுவதையும் வரைய வைக்கிறார்கள். மேலே பலூன் இல்லை, செயற்கைக்கோள் இல்லை. தரையில் எடுத்த அழுத்தமும் கடல் வெப்பமும் மட்டும். அமெரிக்காவில் செய்த ஒரு பெரிய மறுகட்டமைப்பு 1836 வரை பின்னால் போகிறது. அது ஒவ்வொரு நாளுக்கும் ஒரே ஒரு வானத்தைத் தருவதில்லை, 80 வானங்களைத் தருகிறது. அளவுகள் நிறைய உள்ள இடத்தில் 80ம் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். அளவே இல்லாத தென் கடலில் ஆளுக்கொரு பக்கம் போகும். ‘எனக்குத் தெரியாது’ என்று ஒரு கணினி இவ்வளவு நாகரிகமாகச் சொல்வதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்த 80ஐ நெருங்க வைப்பதற்கு இன்னும் தட்டச்சு செய்யாத தாள்கள் வேண்டும். 2020 ஊரடங்கில் பிரிட்டனில் 66,000 மழைத் தாள்களை ஸ்கேன் செய்து போட்டு, விருப்பமுள்ளவர்கள் வாருங்கள் என்றார்கள். 16,000 பேர் வந்து 16 நாளில் எழுதி முடித்தார்கள். வெளியே போக முடியாதவர்கள் உட்கார்ந்து, நூறு ஆண்டுக்கு முன் எங்கோ ஒரு பாதிரியார் தோட்டத்தில் பெய்த மழையைத் தட்டச்சு செய்திருக்கிறார்கள்.

*

மதராஸில் இந்த எண்களை யார் எழுதினார்கள்? அச்சுப் புத்தகத்தின் முகப்பில் கோல்டிங்ஹாம், டெய்லர், ஜேக்கப், போக்சன் என்று பெயர்கள் இருக்கும். தினமும் பத்து மணிக்கும் நான்கு மணிக்கும், நடு இரவிலும் போய்ப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் உள்ளூர் உதவியாளர்கள். அவர்களில் ஒருவருக்குப் பெயர் கிடைத்தது, சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867இல் ஒரு மாறும் விண்மீனைக் கண்டுபிடித்தார். 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது அதைப் பற்றி மக்களுக்காகச் சிறு நூல் எழுதி, இந்திய மொழிகளிலும் வெளியிட்டார். நட்சத்திரம் கண்டுபிடித்தால் பெயர் வரும். பாரமானி படித்தால் வராது.

பெயர் வராவிட்டாலும் பழக்கம் வந்துவிடுகிறது. கடைசி இலக்கத்தை எப்படி எழுதுவது என்பதில் ஆளுக்கு ஆள் ஒரு கை வாகு உண்டு. ஒருவர் 0, 5 என்று முடிப்பார். இன்னொருவருக்கு இரட்டைப்படை எண்கள்தான் கண்ணில் படும். மூன்றாமவர் உண்மையிலேயே குனிந்து, பாதரசத்தின் தலைமட்டத்துக்குக் கண்ணை வைத்து, 3, 7 எல்லாவற்றையும் சமமாக எழுதுவார். சில ஆண்டுப் பதிவை எடுத்துக் கடைசி இலக்கங்களை எண்ணினால், ஒரு குறிப்பிட்ட மாதத்தில் அந்த விகிதம் சட்டென்று மாறும். ஆள் மாறியிருக்கிறார், அல்லது கருவி, அல்லது அவருக்குக் கண் மங்கத் தொடங்கியிருக்கிறது. எது என்று எங்கும் எழுதியிருக்காது. தொடரைச் சரிபார்ப்பவர்கள் அந்த மாதத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டு, கோட்டுக்கு முன்னும் பின்னும் தனித்தனியாகச் சராசரி எடுத்து, பக்கத்து ஊர்களின் எண்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். 1800களின் தொடக்கத்து மதராஸுக்கு ஒப்பிடப் பக்கத்து ஊர் கிடையாது. கடலில் அந்த வாரம் ஏதாவது ஒரு கப்பல் வந்து நின்றிருக்கிறதா என்று தேட வேண்டியதுதான்.